நாற்பத்தொன்றாம் எண் காளை

வட ஒஸ்த்ரோபோத்னியா, பின்லாந்து
பிப்ரவரி 12

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலி எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு இருமல் நின்றதா? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

"குளிர்ல நின்ன காளையோட கறி செருப்புத் தோலாத்தான் இருக்கும்" என்றீர்களே, செவ்வாயன்று நான் வேலை பார்க்கும் ஆராய்ச்சிப் பண்ணையில் அதற்கு ருசிச் சோதனை நடந்தது. பால்மாடு ஈன்ற காளைகளில் பாதி, சூடான தொழுவத்தில் கட்டி வளர்க்கப்பட்டவை. மீதி, முன்பக்கம் திறந்த கொட்டகையில் வைக்கோல் மேல் நான் வளர்த்தவை. எல்லாவற்றுக்கும் அதே புல், அதே பார்லி.

வந்தவர்களுக்குக் காபி தராமல் இருக்க முடியுமா? கொடுத்துவிட்டேன். "அடிப்பாவி சைமி! காபி குடிச்ச நாக்குக்கு என்னடி தெரியும்?" என்று ஆய்வாளர் ராய்லி தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு மணி நேரம் காத்திருந்தோம்.

பிறகு கசாப்புக்கடைக்காரர் தௌனோ ஒரு துண்டை மென்றார். "இது சூட்டுத் தொழுவத்து மாடுதான். குளிர்ல நின்னது இவ்வளவு மெத்துனு இருக்குமா?"

தட்டுக்கு அடியில் மறைத்து வைத்திருந்த எண் சீட்டை ராய்லி திருப்பினாள். என் நாற்பத்தொன்று! மைனஸ் இருபத்தெட்டில் முதுகில் பனியோடு நின்றவன். மற்றவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒன்றை மறைக்கக் கூடாது: தீனி கொஞ்சம் கூடுதலாகத்தான் தின்றான்.

அதனால் நம் புதுக் கொட்டகைக்கு நாலாவது சுவர் எழுப்பாதீர்கள். ஈஸ்டருக்கு நான் வந்து பேசுகிறேன். அம்மாவிடம் ரொட்டிக்கான புளித்தமாவு கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே கடை ரொட்டி இனிக்கிறது. நான் வருவதற்குள் என் கட்டிலில் விதை உருளைக்கிழங்கை முளைக்கப் பரப்பிவிட வேண்டாம்.

தீனி வண்டி வந்துவிட்டது. நாற்பத்தொன்றில் ஒரு துண்டு உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். காபிக்கு முன்னால் சாப்பிடுங்கள், அப்பா.

உங்கள் மகள்
சைமி