உள்ளங்கைக்கு அடியில் இருந்த கூலி

அக்கா,

நேற்று என் மகள் முதல் மாதச் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெரம்பலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். பெருமையாகப் பிடித்துக் காட்ட வேண்டிய தகப்பன் என்ன செய்தேன் தெரியுமா? இடது உள்ளங்கையை விரித்து, தொகை இருந்த இடத்தை மூடிக்கொண்டேன்.

"கைய எடுங்கப்பா. நான் என்ன திருடிட்டா வந்தேன்?" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். நானும் இளித்து வைத்தேன். ஆனால் எனக்குக் கேட்டது உங்கள் குரல்.

ஜெயங்கொண்டம் பக்கம் அந்த முந்திரி கம்பெனியில் நீங்கள் கொட்டை உடைத்தீர்கள், நான் சூப்பர்வைசர். பத்தாவது பெயிலானவனுக்கு அந்தப் பேரே பெரிய பட்டம். எழுதுகிறேனோ இல்லையோ, சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும். சம்பள நாளில் என் உத்தியோகம் ஒன்றுதான். ரிஜிஸ்டரில் தொகை எழுதிய கட்டத்தை உள்ளங்கையால் மறைத்துப் பிடிக்க வேண்டும். அங்கே இருந்தது கவர்மெண்ட் சொன்ன குறைந்தபட்சக் கூலி. உங்கள் கையில் கொடுத்த கவரில் இருந்தது அதைவிட ரொம்பக் குறைவு. எழுதத் தெரிந்த உங்களைக்கூடக் கைநாட்டுத்தான் வைக்கச் சொன்னார் முதலாளி. பேனா பிடிக்கிறவர்கள் பக்கத்துக் கட்டத்தையும் படித்துவிடுவார்கள் என்று பயம்.

ஒரு சம்பள நாளில், கொட்டைப்பால் சுடாமலிருக்கச் சாம்பல் பூசிய விரலை நீட்டாமல் நின்றீர்கள். "கைய எடு தம்பி. அடியில முட்டையா வச்சு அடைகாக்குற?"

வரிசையே சிரித்தது. நான் எடுக்கவில்லை. என் சுண்டுவிரலை மட்டும் தூக்கி, தொகையைப் பார்த்தீர்கள். பிறகு கைநாட்டு வைத்துவிட்டுப் போனீர்கள்.

அடுத்த வாரம் லேபர் ஆபீசர் வந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று எல்லோருக்கும் நான்தான் பாடம் எடுத்திருந்தேன். எல்லோரும் ஒப்பித்தார்கள். நீங்கள் மட்டும், "அதுல எழுதியிருக்கிறது எங்க கைக்கு வரல சார்" என்றீர்கள்.

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "என்னய்யா, இந்தம்மா சொல்றது உண்மையா?"

முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்றார். "எழுதியிருக்கிறதுதாங்க சார் குடுக்கிறோம்" என்றேன்.

மறுநாள் உங்களுக்கு வேலை இல்லை. ஆபீசர் விடவில்லை, திரும்பத் திரும்ப வந்தார். சில மாதத்தில் எல்லோருக்கும் முழுக் கூலியும் பேங்கிலேயே ஏறியது. என் சம்பளமும் கூடியது. அதில்தான் இவளைப் படிக்க வைத்தேன். முழுக் கூலி வாங்கியவர்கள் பட்டியலில் உங்கள் பேர் மட்டும் இல்லை.

பிறகொரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தோம். திட்டுவீர்கள் என்று நினைத்தேன். "பொண்ணு நல்லாப் படிக்குதா தம்பி? எதுல கையெழுத்துப் போட்டாலும் படிச்சுப் பாத்துட்டுப் போடச் சொல்லு" என்றீர்கள். சரிக்கா என்று ஓடிப்போய் பஸ் ஏறினேன். விருத்தாசலம் போக வேண்டியவன் கும்பகோணம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் இறந்து, உங்களுக்கு மாலை போட வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. வீட்டிலேயே கொட்டை உடைத்துப் பிழைத்தீர்களாம். விரல் நுனியெல்லாம் கொட்டைப்பால் பட்டுக் கறுத்திருந்தது.

"ஏம்பா மூடுனீங்க?" என்று மகள் கேட்டாள். பழக்கம்மா என்றேன். கையை அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும். ஆபீசர் கேட்டபோது சொல்லாமல் விட்ட பதிலை இப்போது எழுதுகிறேன்:

ஆமா சார், அக்கா சொல்றதுதான் நெசம்.