உறையப் போட்ட ஓவியம்

ஜனவரி 7, செவ்வாய்

இன்றைக்கு வகுப்புக்கு நாலு பேர். நாலே நாலு. இதே சர்ச் அடித்தளத்தில் ஒரு காலத்தில் நாற்காலி போதாமல், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகளின் குட்டை நாற்காலிகளில் ஆட்களை உட்கார வைத்திருக்கிறேன். மற்றவர்கள் எங்கே என்று கேட்டால் நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு பிரஷ் கழுவுகிறார்கள். கடைசியில் ஹேரியட்தான் போட்டு உடைத்தாள். எண்பதைத் தாண்டியவள், யாருக்கும் பயப்படமாட்டாள்.

"எல்லாரும் அந்தப் புது டீச்சர் கைசாகிட்ட போயிட்டாங்கம்மா. அங்க உப்புப் போட்டு வரையறாங்களாம்."

உப்பு! மிளகுத்தூளும் தூவி அடுப்பில் ஏற்ற வேண்டியதுதானே?

வகுப்பு முடிந்ததும் சர்ச் ஆபீஸ் லவோன் வந்து நின்றாள். மார்ச் முடிவதற்குள் எட்டுப் பேராவது சேராவிட்டால், செவ்வாய்க்கிழமை ஹால் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் பெண்களுக்குப் போய்விடுமாம். சிரித்துக்கொண்டே சொன்னாள். இந்த ஊரில் கெட்ட சேதியை எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

முப்பது வருஷமாக இந்த டுலூத் ஊரில் நான் 'வாட்டர்கலர் டீச்சர்'. செவ்வாய்க்கிழமை போய்விட்டால் நான் யார்? நார்பர்ட்டின் மனைவி. அது ஒரு பதவியா?

ஜனவரி 9, வியாழன்

லவோனும் அங்கேதான் போகிறாளாம், கள்ளி. போனில் தன் 'ஓவியத்தை'க் காட்டினாள். நீலச் சகதி, நடுநடுவே உப்பு குடைந்த வெள்ளைப் புள்ளிகள். பூசணம் பிடித்த ரொட்டியை இதைவிட அழகாக வரையலாம்.

"வித்தியாசமா இருக்கு" என்றேன்.

மினசோட்டாவில் இதைவிடக் கேவலமாக ஒருவரைத் திட்ட முடியாது. ஆனால் அவள் அரிசோனாக்காரி, எங்கள் ஊர்த் திட்டு புரியாது. "ரொம்ப தேங்க்ஸ் ஆர்லிஸ்!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். என்ன செய்ய?

ஜனவரி 14, செவ்வாய்

மூன்று பேர்.

முடிவு செய்துவிட்டேன். நேரே அந்தக் கைசாவின் வகுப்புக்கே போய் உட்காரப்போகிறேன். அங்கே நடப்பது வெறும் கூத்து என்று கண்ணால் பார்த்து வந்து சொன்னால் என் ஆட்கள் திரும்பிவிடுவார்கள். நார்பர்ட்டிடம் சொன்னேன். ஹாக்கி மேட்சிலிருந்து கண்ணை எடுக்காமல் "நல்லது" என்றான். இவனிடம் வீடு தீப்பிடித்துவிட்டது என்று சொன்னாலும் "நல்லது"தான்.

ஜனவரி 18, சனி

உளவு பார்க்கப் போனவளின் லட்சணம்: கல்யாணத்துக்கு முந்தைய பெயரைக் கொடுத்தேன், குல்லாயைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டேன். உள்ளே நுழைந்ததும் பதினோரு பேர் ஒரே குரலில், "ஹாய் ஆர்லிஸ்!" பதினோரு பேரில் ஏழு பேர் என் பழைய மாணவிகள்.

கைசாவுக்கு நாற்பது வயதிருக்கும். பனிவண்டி ஓட்டுகிறவர்கள் போடும் முழு உடுப்போடுதான் வகுப்பே எடுக்கிறாள். சிரித்தால் ஜன்னல் அதிர்கிறது. "வாங்க டீச்சர், வாங்க" என்றாள். அந்த 'டீச்சரில்' எவ்வளவு மரியாதை, எவ்வளவு நக்கல் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

பாடம் என்ன தெரியுமா? ஈரத் தாளில் வண்ணத்தைக் கொட்டு. மேலே சாப்பாடு மூடும் பிளாஸ்டிக் தாளைக் கசக்கிப் போடு. போய்க் காப்பி குடி. இதற்கு ஒரு டீச்சர்! அடுத்தது பாத்திரம் கழுவும் சோப்பு நுரை. அதற்கடுத்தது காயத்துக்குத் தடவும் ஸ்பிரிட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவது. வகுப்பா, மருந்துக்கடையா?

எல்லாருடைய தாளிலும் ஏதோ பாறை, ஏதோ பாசி என்று தெரிந்தது. என்னுடையதில் மட்டும் சேறு. போதாதற்கு, முப்பது வருஷப் பழக்கத்தில் கை சும்மா இராமல் பென்சிலால் அடியில் ஒரு கலங்கரை விளக்கம் போட்டு வைத்திருந்தேன். கைசா குனிந்து பார்த்தாள்.

"டீச்சர், இங்கயும் கப்பல் வருதா?"

பதினோரு பேரும் சிரித்தார்கள். அந்த ஏழு பேர் கொஞ்சம் அதிகமாகவே.

ஜனவரி 25, சனி

மறுபடியும் போனேன். ஏன் போனேன்? உளவுக்குத்தான். ஒரு தரம் பார்த்தால் போதாது.

இன்று வண்ணத்தின் மேல் கொசுவலைத் துணி. மறுபடியும் சேறு.

பிப்ரவரி 1, சனி

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. கைசா எல்லாரையும் தாளும் பலகையுமாகப் கொல்லைப்புறத்துக்குத் துரத்தினாள். தாளை நன்றாக நனை, வண்ணத்தை ஓடவிடு, பனிமேல் வை, கையை எடு. அவ்வளவுதான்.

கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு திட்டிக்கொண்டே நின்றேன். அப்புறம் திட்டுவதை நிறுத்திவிட்டேன். ஓரத்திலிருந்து தண்ணீர் உறைய ஆரம்பித்தது. வண்ணம் ஊசி ஊசியாக ஒதுங்கி, இலை இலையாக விரிந்தது. என் கண் முன்னால், என் தாளில், நான் தொடாமல். ஒரு பிரஷ்ஷாலும் முடியாத கோடுகள். பனியில் மண்டிபோட்டுப் பார்த்தேன். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது, இதை நான்தானே படிக்கப்போகிறேன்.

"யாரும் உள்ள எடுத்துட்டு வராதீங்க. பனியா இருக்கறப்பவே அப்படியே காயணும். ரெண்டு மூணு நாள் ஆகும். எல்லாம் இங்கயே கிடக்கட்டும்" என்றாள் கைசா.

என்னால் முடிந்தால்தானே! யாராவது மிதித்துவிட்டால்? நாய் வந்தால்? எல்லாரும் காப்பிக்குப் போனதும் பலகையைத் தூக்கிக் கார் பின்சீட்டில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வீடு வந்து பார்த்தால் சீட்டெல்லாம் நீலத் தண்ணீர். இலையும் இல்லை, ஊசியும் இல்லை.

கைசாவுக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "டீச்சர், உங்களால ஒரு விஷயத்தை அது பாட்டுக்கு விட முடியாதா?"

முடியாது. அதுதானே என் தொழில்.

பிப்ரவரி 4, செவ்வாய்

வகுப்பில் மூன்று பேர். கலங்கரை விளக்கத்தின் நிழல் பக்கத்தைச் சொல்லிக் கொடுத்தேன். நினைப்பெல்லாம் என் வீட்டுப் பின்வாசல் படியில். அங்கே நான் உறையப் போட்ட புதுத் தாள் ஒன்று காய்ந்துகொண்டிருக்கிறது.

பிப்ரவரி 9, ஞாயிறு

அது காய்ந்தது. நான் அதைத் தொடவில்லை — திரைச்சீலை இடுக்கு வழியாகப் பார்த்ததெல்லாம் கணக்கில் சேராது. மதியம் சமையலறை மேசையில் கொண்டுவந்து வைத்தேன். நார்பர்ட் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் எதைக் காட்டினாலும் "நல்லாருக்கு" என்பான். கேட்டுக் கேட்டு அது எனக்குக் கதவு சாத்தும் சத்தம் மாதிரி ஆகிவிட்டது.

இன்று முள்கரண்டியைக் கீழே வைத்தான். பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். கையைத் தாளுக்கு மேலே கொண்டுபோய்த் தொடாமல் நிறுத்தினான்.

"இத்தனை வருஷத்துல இப்பதான் ஆர்லிஸ், நீ வரைஞ்சதை நான் பாக்கறேன்" என்றான்.

"அப்ப மத்ததெல்லாம்?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"நார்பர்ட்!"

"எல்லாம் ஒரே கலங்கரை விளக்கம்மா. ஒண்ணு வலப்பக்கம் பாக்குது, ஒண்ணு இடப்பக்கம் பாக்குது. ஆணி அடிக்கச் சுவத்துல இடமில்ல. நான் என்னதான் சொல்றது?"

முப்பது வருஷம்! முப்பது வருஷமா இந்த மனுஷன் என் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்லியிருக்கான். சட்டம் போட்டுக் குடுத்தவனும் இவன்தான், அதை மாட்டினவனும் இவன்தான், மாட்டிட்டு ரெண்டடி பின்னால போய் "நேரா இருக்கு"ன்னு சொன்னவனும் இவன்தான். நேரா இருக்குன்னுதானே சொன்னான்? அழகா இருக்குன்னு என்னைக்காவது சொன்னானா? எனக்கு ஏன் உறைக்கல?

தலையணையை எடுத்துக்கொண்டு தையல் அறைக்கு வந்துவிட்டேன். இன்னொன்றும் எழுதி வைக்கிறேன்: அந்தத் தாளைப் பற்றி அவன் சொன்னது சரி. அதுதான் பொறுக்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

வகுப்பை இன்று ரத்து செய்தேன். சளி என்று சொன்னேன். பின்வாசலில் ஐந்து தாள்கள்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இனி இதைத்தான் சொல்லிக் கொடுப்பேன் என்று என் ஆட்களிடம் அறிவித்தேன். என் பனித்தாள்களை வரிசையாகப் பரப்பினேன். மூன்று பேரும் பார்த்தார்கள்.

"வித்தியாசமா இருக்கும்மா" என்றாள் ஹேரியட். அவள் அரிசோனாக்காரி இல்லை.

விடாமல் எல்லாரையும் கோட்டைப் போடச் சொல்லி வாகன நிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஹேரியட் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "ஏம்மா ஆர்லிஸ், தண்ணி உறையறதைப் பாக்கவா இந்தக் குளிர்ல நான் வெளிய வரணும்? பொறந்ததுலேருந்து அதைத்தானே பாத்துட்டிருக்கேன்!"

மற்ற இருவரும் கைதட்டினார்கள். கையுறை போட்டிருந்ததால் சத்தம் வரவில்லை. அந்த மட்டும் தப்பித்தேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஹேரியட் போனில் பேரம் பேசினாள். நான் பழையபடி கலங்கரை விளக்கத்துக்குத் திரும்பினால், அவளோடு சீட்டாடும் ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு வருவாளாம். மொத்தம் எட்டு. ஹால் பிழைக்கும், வகுப்பு பிழைக்கும், நான் டீச்சர். "ஆனா உப்பு, நுரை, உறைபனி, எதுவும் கூடாது. வாய மூடிக்கிட்டு வானம் மட்டும் வரை."

சரி என்றேன். வேறென்ன சொல்வது? எனக்கு இருப்பது இந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான்.

மார்ச் 4, செவ்வாய்

எட்டுப் பேர். லவோன் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனாள்.

வானம் போட்டுக் காட்டினேன். மேலே அடர்நீலம், கீழே வரவர வெளுத்து, ஒரு திட்டுக்கூட இல்லாமல். எட்டுப் பேரும் "ஆகா" என்றார்கள். கை தன்பாட்டில் போகிறது. அந்த நேரத்துக்கு நான் அங்கே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கையை மட்டும் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து காருக்குள்ளேயே உட்கார்ந்து அழுதேன். எட்டுப் பேரைச் சேர்த்துக்கொண்டு அழுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான்.

மார்ச் 11, செவ்வாய்

கலங்கரை விளக்கம். இடப்பக்கம் பார்ப்பது.

மார்ச் 18, செவ்வாய்

சொல்லிவிட்டேன். பாதி வானத்தில் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, "என்னால இனிமே இதை வரைய முடியாது. மன்னிச்சுக்குங்க" என்றேன்.  ஹால் அமைதியாகிவிடும், யாராவது கண் கலங்குவார்கள், யாராவது கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன், மடச்சி.

ஹேரியட் எழுந்து வந்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் கீழே வைத்த பிரஷ்ஷை எடுத்தாள்.

"சரி, நீ போம்மா. நான் பாத்துக்கறேன். இத்தனை வருஷமா நீ சொன்னதையேதானே சொல்ற, எனக்கு மனப்பாடம்." அப்புறம் மற்றவர்களைப் பார்த்து, "ம், மேல அடர்நீலம்!"

எட்டில் ஒருவர்கூடக் கலையவில்லை. நான் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோதே அவர்கள் கலங்கரை விளக்கத்தின் கூரைக்கு வந்துவிட்டார்கள். ஒட்டுத்துணிப் பெண்களிடமாவது தோற்றிருக்கலாம்.

மார்ச் 22, சனி

கைசாவிடம் போய்ச் செய்ததைச் சொன்னேன். புகழ்வாள் என்று நினைத்தேன். அவள் முதலில் என்னைப் பார்த்தாள், அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"டீச்சர்... உறைய வைக்கறதுக்காகவா வகுப்பை விட்டீங்க? மார்ச்சு மாசத்துலயா?"

"ஏன்?"

"இனிமே நவம்பர்லதானே உறையும்!"

பிறந்து வளர்ந்து, கல்யாணம் பண்ணி, கிழவியானதெல்லாம் இந்த ஊரில். பனி உருகும் என்று ஒரு நிமிஷம்கூட எனக்குத் தோன்றவில்லை. கைசா இந்தத் தடவை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மார்ச் 29, சனி

ஃபாரன்ஹீட்டில் நாற்பத்தைந்து டிகிரி. வெயில். ஊரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு இளிக்கிறது. பின்வாசலில் நான் வைத்த தாள் வெறும் ஈரத் தாளாகக் காய்ந்து கிடக்கிறது. வகுப்பும் இல்லை, பனியும் இல்லை. நார்பர்ட்டோடு பேசுவதெல்லாம் "காப்பி இருக்கா?", "இருக்கு." தையல் அறைக் கட்டிலில் முதுகு ஒடிகிறது.

ஏப்ரல் 5, சனி

மத்தியானம் முழுக்க நார்பர்ட் காருக்கும் கராஜுக்கும் அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டு நடந்தான். பக்கத்து வீட்டுக்கு ஒன்று, எதிர் வீட்டுக்கு ஒன்று, சர்ச்சுக்கு மூன்று. என்ன என்று நான் கேட்கவில்லை. நான்தான் கோபமாயிற்றே.

நாலு மணிக்குக் கூப்பிட்டான். "ஆர்லிஸ், கொஞ்சம் இங்க வந்துட்டுப் போ."

கராஜில் அவனுடைய பெட்டி ஃப்ரீசர் இருக்கிறது. அதில் நான் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை வைத்தால்கூட முகம் சுளிப்பான். அவன் வேட்டையாடிய மானின் கறி, உறைந்த ஏரியில் துளை போட்டுப் பிடித்த மீன், எல்லாம் தேதி எழுதி அடுக்கியிருக்கும். அதன் மூடி திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. ஒரு துண்டுக் கறிகூட இல்லை. சமையல் சோடா போட்டுத் தேய்த்திருக்கிறான், மீன் வாடைகூட இல்லை. அடியில் ஒரு ஒட்டுப்பலகை, அளவாக அறுத்து, மட்டம் பார்த்து வைத்திருக்கிறான்.

"பாதித் தாள் படுக்கும். முழுசு படுக்காது" என்றான். "கைசாகிட்ட கேட்டேன். வெளிய வர்ற மாதிரி வருமான்னு அவளுக்கும் தெரியலையாம். போட்டுப் பாக்கச் சொன்னா."

பலகையைத் தடவிப் பார்த்தேன். ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன்: "நவம்பர்ல மான் சுட்டுட்டு வருவியே, அதை எங்க வைப்ப?"

அவனுக்கு என் கேள்வியே புரியவில்லை.

"நவம்பர்லதான் நீ வரைய வெளிய போயிடுவியே" என்றான்.

நான் உள்ளே போய்த் தாளை நனைத்துக்கொண்டு வந்தேன். அவன் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.