சுகிக்குச் செய்யாத போன்

மார்ச் 15, சனி
காலை வெயில், பத்துக்குத் தூறல், மறுபடி வெயில். பிரெஞ்சு வகுப்போடு, பிரெஞ்சுக்காரர்கள் கடை போடும் சந்தைக்குப் போனோம். கடைக்காரர்களிடம் பிரெஞ்சு மட்டும்தான் பேச வேண்டும். டீச்சர் எலோடியின் உத்தரவு.

மூன்று வாக்கியம் மனப்பாடம் செய்திருந்தேன். சீஸ் கடைக்காரர் முன் நின்றதும் இரண்டு மறந்து போயிற்று. மூன்றாவதைச் சொன்னேன். இங்கிலீஷில் பதில் சொன்னார். அடுத்து சுகி. அவளோடு பத்து நிமிடம் சிரிப்பும் பேச்சும். ருசி பார்க்க ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

அவளை வகுப்பில் சேர்த்ததே நான். ரத்தப் பரிசோதனை லேபில் பக்கத்து மேசை. யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட எட்டு வயது சின்னவள், நகரின் மறுகோடியில் பக்குரங்காவில் வீடு. செவ்வாய் மாலை தனியாகப் போக அலுப்பாக இருந்தது, கூப்பிட்டேன். வகுப்பில் நான் அவளுக்கு நான்கு மாதம் சீனியர். யாரும் நம்ப மாட்டார்கள்.

மார்ச் 18, செவ்வாய்
மழை. லேபில் மெஷின் மக்கர்.
வகுப்பில் செய்தி: எலோடியின் சித்தி நூமேயாவிலிருந்து வந்திருக்கிறார். இங்கிருந்து மூன்று மணி நேர விமானம், தெருவெல்லாம் பிரெஞ்சு. சித்தி வீட்டில் ஓர் அறை காலி. மாணவர் ஒருவர் இரண்டு வாரம் தங்கிப் பேசிப் பழகலாம். ஞாயிறு எங்கள் மாசிப் பேட்டையில், வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் பிக்னிக். சித்தி பேசிப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுப்பார்.

எல்லோரும் சுகியைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும்.

அந்த அறை எனக்கு வேண்டும். கல்யாணமாகிப் பதினாறு வருடம், தனியாக எங்கும் போனதில்லை. ரகுவிடம் சொன்னேன். "போயிட்டு வாயேன், யாரு வேணாங்கிறா" என்றார், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

மார்ச் 20, வியாழன்
வாங்க: முட்டை, வெண்ணெய், மீராவுக்குப் பள்ளி ஷூ. பிக்னிக்குக்கு எலுமிச்சை சாதம் வேண்டாம், சித்திக்குக் காரம் ஆகாதாம். படிக்க: இறந்தகால வினைகள், மறுபடி.

காலை வேலைக்கு முன் சுகி வீடியோ காலில். பாரிசில் அவள் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேர். தமிழ் தெரியாது. அவர்களுக்காகத்தான் படிக்கிறாள். தப்பாகப் பேசுகிறாள், அவர்கள் சிரிக்கிறார்கள், இவளும் சிரிக்கிறாள். எனக்குத் தப்பு வந்தால் வாய் மூடிக்கொள்கிறது.
மாலை அந்தப் போனையே சிங்க் தண்ணீரில் போட்டுவிட்டாள். ரிப்பேர், ஒரு வாரமாகுமாம்.

மார்ச் 23, ஞாயிறு
எட்டு மணிக்கே கொட்டும் மழை. எலோடி போன் செய்தாள். பூங்கா இல்லை, பக்குரங்கா கடைத்தொகுதிப் பக்கம் ஒரு ஹால். சுகியிடம் போன் இல்லை, நீ சொல்லிவிடு என்றாள். சு.வின் கணவர் நம்பர் என்னிடம் உண்டு. சரி என்றேன்.

போன் செய்யவில்லை. முதலில் அடுப்பில் கேக். அப்புறம் புடவையா ஜீன்ஸா. பத்தரைக்கு அவள் பஸ் ஏறியிருப்பாள், இனிமேல் சொல்லி என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் வீட்டிலிருந்து ஹாலுக்கு நடந்தே பத்து நிமிடம்.

சித்தி எழுபது வயது, உரத்த குரல். மெதுவாகப் பேசினார், எனக்குப் புரிந்தது. தப்பாகப் பேசினேன், யாரும் சிரிக்கவில்லை. சுகி எங்கே என்றாள் எலோடி. வரவில்லை போல என்றேன்.
அறை எனக்கு. கைதட்டினார்கள். கேக் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுத ஆசை. இறங்கியது. இரண்டு துண்டு.

மார்ச் 24, திங்கள்
சு. தும்மிக்கொண்டே வந்தாள். இரண்டு பஸ் மாறி மாசி வந்து, பூங்காக் கழிப்பறைக் கூரையடியில் ஒன்றரை மணி நேரம் நின்றிருக்கிறாள். கையில் ஆப்பிள் கேக். உன் வீட்டுக்காரருக்கு அடித்தேன், எடுக்கவில்லை என்றேன். ஓம், அவர் எடுக்கிறது குறைவு என்றாள். அறை கிடைத்ததற்கு வாழ்த்தினாள்.

மார்ச் 26, புதன்
தூக்கம் சரியில்லை. சாப்பாட்டு இடைவேளையில் சொல்லிவிட்டேன்.

"உன் வீட்டுக்காரருக்கு நான் போனே பண்ணல, சுகி. மறக்கல. வேணும்னேதான்."

சோற்றுப் பெட்டியை மூடினாள். "தெரியும் அக்கா. திங்கள் வீட்டை போன உடனே அவற்ற போனைப் பார்த்தனான். நீங்களாச் சொல்லுவீங்கள் எண்டு பார்த்துக்கொண்டிருந்தன். மழையில நிண்டது பெரிசில்லை. ஏன் எண்டுதான் விளங்கேல்லை."

"உனக்கு வருது. எனக்கு வரல. அவ்வளவுதான்."

பெட்டியை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள்.

மார்ச் 28, வெள்ளி
எலோடியிடம் முழுவதும் சொன்னேன். சித்தியிடம் கேட்கிறேன் என்றாள். சாயங்காலம் பதில்: என் இடத்தில் சு. போகலாம். சு. முதலில் மாட்டேன் என்றாளாம், பிறகு சரி என்றாளாம். இதெல்லாம் எலோடி சொல்லித்தான் தெரியும். பக்கத்து மேசையிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.
மீராவுக்கு ஷூ ஒரு சைஸ் பெரிது. மாற்ற வேண்டும்.

ஏப்ரல் 5, சனி
நல்ல வெயில், காற்று. நேற்று சு. தானாகவே வந்து பேசினாள். "உங்கட பக்கம் வெஸ்ட்கேட்டில பயணப் பெட்டி விக்கிற நல்ல கடை இருக்கோ அக்கா? கூட வாறீங்களோ?" ஒன்பது நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. இன்று போனோம். காபி குடித்தோம். மழையைப் பற்றி அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

கடையில் சிவப்பு ஒன்று, சாம்பல் ஒன்று. எது எடுக்க என்று கேட்டாள். சிவப்புதான் அவளுக்கு அழகு. சாம்பல் நாள்பட உழைக்கும் என்றேன். சாம்பலை எடுத்தாள்.