சொட்டு நின்ற பிறகும்

மணிமங்கலம்,
24.11.91

அன்பு மகள் இசைவாணிக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற சின்ன உயிரும் சுகமாக இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். இங்கே நானும் அம்மாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், நடமாடுகிறோம், அந்த அளவில் நலம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது, ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக மிச்சத் தண்ணீர் ஓடுகிறது, தாம்பரம் பஸ் வந்தால் வந்தது, இல்லையென்றால் இல்லை. உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. அம்மாவின் மூக்குக்கண்ணாடி உடைந்துபோனதால் நான்தான் படித்துக் காட்டுகிறேன். இரண்டாவது கடிதத்தில், அம்மாவுக்கு இப்போது நான் ஒரு பொருட்டே இல்லையா என்று எழுதியிருந்தாய், அந்த இடத்தில் மை கலைந்திருந்தது. அந்த வரியை மட்டும் தாண்டிப் படித்தேன். டாக்டர் படுத்தே இருக்கச் சொன்ன பெண், தலைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வர முடியாத பெண், அம்மா வந்து பக்கத்தில் இருக்கமாட்டாளா என்று ஏங்குவதில் என்ன தப்பு. முழங்கால் வலி, மழை, இந்தி தெரியாது என்றெல்லாம் நான் எழுதியவை அம்மா எழுதச் சொன்ன காரணங்கள். உண்மையான காரணம் உன் தம்பி முகிலின் மீன்தொட்டி. கேட்டால் உனக்கு வியப்பாக இருக்கும், கோபம்கூட வரும். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஆனி மாதம் முகிலின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ பிலாய்க்கு ரயிலேறினாய் அல்லவா, நாங்கள் உன்னை அனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள் ராஜம்மா அத்தை வீடு முழுவதையும் கழுவிவிட்டிருந்தாள். தீட்டு கழிக்கிற வீட்டில் அது வழக்கம்தானே. தரை, சுவர், பாத்திரம், பாய் எல்லாம் கழுவியவள் கூடத்தில் இருந்த மீன்தொட்டியையும் விடவில்லை. மீன்களை அண்டாவில் பிடித்துப் போட்டு, பழைய தண்ணீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வெளியே ஊற்றி, கண்ணாடியையும் அடியில் கிடந்த கூழாங்கல்லையும் சோடாமாவு போட்டுத் தேய்த்து, அடிபம்புத் தண்ணீரைப் புதிதாக நிரப்பி, மீன்களைத் திரும்ப விட்டிருந்தாள். தொட்டி கோயில் விளக்கு மாதிரி பளபளவென்று இருந்தது. "தண்ணி பச்சையா கீது, கல்லெல்லாம் வழவழன்னு கீது, சாவு வூட்டுத் தண்ணிய எத்தினி நாளைக்குடா வெச்சிக்கினு இருப்பீங்க" என்று என்னையே கேட்டாள். அவள் நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்து மிதக்க ஆரம்பித்தன. முகில் கொளத்தூருக்குப் போய்ப் போய்ப் பார்த்து வாங்கி வளர்த்த பொன்மீன்களில் பாதிக்கு மேல் அன்றைக்கே போய்விட்டன. நீ அப்போது ரயிலில் இருந்தாய். பிறகும் உனக்கு இதை எழுத மனம் வரவில்லை.

அந்தக் கல்லில் இருந்த வழவழப்பு அழுக்கு இல்லை, இசை. மீன் கழிக்கிற நஞ்சைத் தின்று தீர்க்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதில்தான் குடியிருக்கின்றன. மீனுக்குத் தண்ணீரை மாற்றத்தான் வேண்டும், ஆனால் கொஞ்சம் எடுத்துக் கொஞ்சம் விடவேண்டும். நடு வருஷத்தில் ஒரு பிள்ளையை வேறு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினால் பழைய சிநேகிதன் ஒருவனாவது கூட இருந்தால் தாங்கிக்கொள்வான், ஒரே நாளில் வாத்தியார், பெஞ்சு, பாஷை எல்லாமே மாறினால் படுத்துவிடுவான், அது போலத்தான். இதை நான் அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். சொன்னதன் பலன், அம்மா மிச்சமிருந்த மீன்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். முதல் நாளே கிணற்றுத் தண்ணீரை இறைத்து ஆறவைப்பாள், காலையில் ஒரு குடம் மொண்டு எடுத்துக் கனகாம்பரத்துக்கு ஊற்றுவாள், ஒரு குடம் மெதுவாக விடுவாள், சாயங்காலம் மறுபடியும். என்னைக் கிட்டே சேர்க்கமாட்டாள். "உங்களுக்குக் கை நடுங்குது, கல்லுமேல குடத்த போட்டுடுவீங்க" என்பாள். ஊரில் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போவதில்லை. உன்னிடம் போகவேண்டும் என்று நான் சொன்னபோதெல்லாம் அவள் சொன்னது ஒன்றுதான், "நான் பூட்டா இதுங்களுக்கு யார் தண்ணி மாத்தறது." வீட்டில் முகிலுடையது என்று உயிரோடு இருப்பவை அந்த மீன்கள் மட்டும்தான். அவளை நான் எப்படி அதட்ட முடியும் சொல்.

ஆள் இல்லாமலே தண்ணீர் தானாக வரவும் தானாகப் போகவும் ஒரு ஏற்பாடு செய்துவிட்டால் அவளை உன்னிடம் அனுப்பிவிடலாம் என்று ஐப்பசியில் ஆரம்பித்தேன். எட்டாம் வகுப்புக்கு இரண்டு டம்ளரையும் ஒரு ரப்பர் குழாயையும் வைத்து வருஷா வருஷம் காட்டிய வடிகுழாய்ப் பாடம்தானே என்று நினைத்தேன். ஒரு முனையைத் தொட்டியில் விட்டு மறு முனையை ஜன்னல் வழியாக வாசல் சாக்கடையில் தொங்கவிட்டேன், மேலே வைத்த ஒரு வாளியிலிருந்து புதுத் தண்ணீர் எவ்வளவு வருகிறதோ அவ்வளவுதான் வெளியே போகும் என்பது என் கணக்கு. வெளி முனை தாழ்ந்து இருந்தால் குழாய் இருக்கிற தண்ணீரை எல்லாம் இழுத்துவிடும் என்பது பாடம் சொன்ன வாத்தியாருக்கு அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. சந்தைக்குப் போய் வந்து பார்த்தால் தொட்டியில் இரண்டு விரல் உயரம்தான் தண்ணீர், மீன்கள் படுத்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. அம்மா குடத்தோடு ஓடிவந்தாள். எல்லாம் பிழைத்துக்கொண்டன. அவள் குழாயைச் சுருட்டி என் மடியில் வைத்து, "மிச்சம் இருக்கறதையாச்சும் வுட்டுவைங்க" என்றாள்.

இரண்டாம் முறை நிதானமாக யோசித்தேன். பக்கத்துப் பக்கத்து வயல்கள் இரண்டுக்கும் நடுவில் மடையைத் திறந்துவைத்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும் அல்லவா. அப்படித் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரில் பலகை அடித்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவை வைத்தேன். வளைந்த குழாயின் ஒரு முனை தொட்டியின் அடியில், மறு முனை டப்பாவுக்குள், இரண்டு முனையும் தண்ணீருக்குள்ளேயே இருக்கும். தொட்டித் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கவேண்டுமோ அந்த மட்டத்தில் டப்பாவின் பக்கத்தில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி ஓட்டை போட்டு, அங்கிருந்து இன்னொரு குழாயைக் கனகாம்பரப் பாத்திக்கு விட்டேன். மேலே புதுத் தண்ணீர் சேர்ந்தால் அதே அளவு அடித் தண்ணீர் ஓட்டை வழியாக வழிந்துவிடும், சேராவிட்டால் ஒரு சொட்டும் போகாது. வடிகால் சரியாகிவிட்டது. ஆனால் புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுவதற்கு வழி கிடைக்கவில்லை. குழாய்க் கடையில் கேட்டதெல்லாம் ஒன்று கொட்டியது, இல்லை அடைத்தது. கடைசியில் அலமாரியின் மேல் தட்டில் இருந்த பையை எடுத்தேன். காமாலையில் கிடந்த முகிலுக்கு வீட்டில் வைத்து க்ளூகோஸ் ஏற்றிய குழாய், உருட்டுகிற சின்னச் சக்கரத்தோடு, சொட்டு விழுவது தெரிகிற கண்ணாடிக் குமிழோடு, அதில் இருந்தது. எந்த அளவுக்கு உருட்டினால் எப்படி விழும் என்று நர்ஸ் எனக்குத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். வெந்நீரில் கொதிக்கவிட்டு, வாளியின் அடியில் ஓட்டை போட்டுச் செருகி, எம்சீல் வைத்து அடைத்து, வாளியைப் பரண் விளிம்பில் உட்காரவைத்தேன்.

எதிர்வீட்டுச் சைக்கிள் கடை கண்ணப்பன் எட்டிப் பார்த்து, "இன்னா வாத்தியாரே, மீனுக்குக் காமாலையா, க்ளூகோஸ் ஏத்திக்கினு கீற" என்று சிரித்தார். சொல்லிவிட்டு உள்ளே அம்மா நிற்பதைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது, காற்றுப் பம்பை எடுக்க வந்தேன் என்று ஏதோ சொல்லிக்கொண்டு போய்விட்டார். அம்மா மணையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். குமிழில் விழுகிற சொட்டையே பார்த்தாள். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும். அடுப்பில் சோறு கொதிக்கும்போது இரண்டு முறை எழுந்துவந்து சொட்டைப் பார்த்துவிட்டுப் போவாள். இதற்கு முன்னால் காலையும் மாலையும்தான் அந்தத் தொட்டி அவளைக் கட்டிப்போட்டது, இப்போது நாள் முழுக்கக் கட்டிப்போட்டது. "நான் போனப்புறம் இது நின்னுடுச்சுன்னா" என்றாள். எனக்கு வேறு ஒரு காலையில், நம் வீட்டு நடு அறையில், நின்றுபோன சொட்டு ஞாபகம் வந்தது. அவளுக்கும் அதுதான். நீயும் அங்கே இருந்தாய், நான் விவரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போதுதான், சொட்டு நின்றாலும் மீன்களுக்கு ஒன்றும் ஆகாது என்பதை அவளுக்கு வாயால் சொல்லி விளக்க முடியாது என்று புரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சக்கரத்தை உருட்டிச் சொட்டை நிறுத்தினேன். "ஐயோ இன்னா பண்றீங்க, தொறங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நாளைக் காலை வரைக்கும் பொறு சரோஜா, வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை என்றேன். அன்று முழுக்க என்னோடு சண்டை. தொட்டி மட்டத்தில் விரல் வைத்துப் பார்ப்பதும் டப்பாவைப் பார்ப்பதுமாக இருந்தாள். தண்ணீர் குறையவும் இல்லை, வழியவும் இல்லை, வைத்தது வைத்தபடி நின்றது. காலையில் பொரி எடுத்துக்கொண்டு அவள் கிட்டே போனதும் மீன்கள் எல்லாம் வழக்கம்போல முண்டியடித்துக்கொண்டு மேலே வந்து அவள் விரலைக் கவ்வின. அம்மா கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். "நின்னுபோச்சு. நின்னும் உசுரோட கீதுங்களே" என்றாள். பிறகு அம்மா அழுதாள், இசை. முகில் போன அன்றும் பதினாறாம் நாளும் சத்தம் போடாமலே இருந்தவள், தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். ராஜம்மா அத்தை ஓடிவந்தாள், கண்ணப்பன் வீட்டம்மா வந்தாள், அவளை யாரும் தடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அழுது முடித்து முகம் கழுவி வந்து சக்கரத்தை அவளே திறந்துவிட்டாள். மத்தியானம் சாப்பாட்டின்போது, பிலாயில் இப்போது ரொம்பக் குளிருமா என்று கேட்டாள். உன் கடிதத்தை மறுபடியும் படிக்கச் சொன்னாள். இந்த முறை அந்த வரியையும் படித்தேன். "பொருட்டில்லையான்னா கேக்கறா, கழுத, வந்து வெச்சிக்கிறேன் அவள" என்று சொல்லிக்கொண்டே எழுந்துபோய்த் தகரப் பெட்டியைக் கீழே இறக்கினாள்.

ஆகவே அம்மா வருகிறாள். உங்கள் காலனி எல்லப்பன் குடும்பம் லீவு முடிந்து திரும்புகிறார்களாம், அவர்களோடு அனுப்புகிறேன், கார்த்திகை கழிவதற்குள் அங்கே இருப்பாள். மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரச்சொல், அம்மாவுக்குப் படி ஏறி இறங்குவது கஷ்டம். நான் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. வாளி காலியாகும்போது யாராவது நிரப்ப வேண்டும் அல்லவா. ரசமும் அப்பளமும் எனக்குத் தெரியும், ராஜம்மா அத்தையும் குழம்பு கொடுத்தனுப்புவாள். டப்பாவில் தண்ணீர் வழிகிற சத்தம் வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அது எனக்குத் துணை. நீ எழுந்து நடக்காதே, எட்டி எதையும் எடுக்காதே, இரும்பு மாத்திரையை வாந்தி வருகிறது என்று ஜன்னல் வழியாகப் போடாதே, சின்ன வயசில் செய்தவள் நீ.

கடைசியாக ஒன்றே ஒன்று, மறந்துவிடாதே. பிரசவத்தின்போது உனக்கும் அங்கே க்ளூகோஸ் ஏற்றுவார்கள். அம்மாவை வெளியே போகச் சொல்லவேண்டாம், அவள் உன் பக்கத்தில்தான் இருக்கவேண்டும். ஆனால் நாற்காலியை, பாட்டில் அவள் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி, உன் முகம் மட்டும் அவளுக்குத் தெரிகிற மாதிரிப் போடச் சொல். மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லிவை.

தாயும் பிள்ளையும் இரண்டாகப் பிரிந்து நல்லபடியாக எழுந்திருக்க, முகிலின் ஆயுசும் சேர்ந்து உங்களுக்கு இருக்க, மனமார வாழ்த்துகிற

உன் அப்பா,
கோதண்டம்