மூன்று வருட வருமானம்

வில்லரே, மொன்றியல்
8.2.1987

அன்புள்ள மச்சான் விமலனுக்கு,

சிக்கூட்டிமியில் பனி ஜன்னல் வரைக்கும் நிற்கிறதாம். நீயும் கமலாவும் சுகமாயிருக்க வேண்டும். இங்கே எனக்கு இருமலைத் தவிர வேறு குறையில்லை. அதற்கும் கடையில் கொத்தமல்லி இருக்கிறது.

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். எனக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்துவிட்டது. கடிதத்தை வாசித்துக் காட்டிய சிவராசா, "இனி நீங்கள் பொம்பிளை பாக்கலாம் அண்ணை" என்றான். "முதல்ல அம்மாவப் பாக்கிறன், போடா" என்றேன்.

மறுநாளே குடிவரவுக் கந்தோருக்குப் போனேன். மட்டக்களப்பில் ஆமியின் சுற்றிவளைப்பு இல்லாத கிழமை இல்லை. தம்பி குலேந்திரன் வீட்டில் படுப்பதில்லை என்று அம்மா எழுதுகிறா. அம்மாவின் மனுவில் அவனையும் சேர்க்கலாமாம். ஆனால் இருபத்தொரு வயது ஆகுமுன் கொடுத்துவிட வேண்டுமாம். ஓகஸ்ட் இருபதோடு அவனுக்கு இருபத்தொன்று. மனுவோடு என் மூன்று வருட வருமானத்துக்கு வரிக் கந்தோர் கொடுத்த அத்தாட்சியும் கேட்கிறார்கள்.

என்னிடம் ஒன்றும் இல்லை என்பது உனக்குத் தெரியும். 84இல் எனக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. படிக்க வந்த நீ அதற்கு முன்பே இந்த நாட்டுப் பிரஜை. என் காசில் போட்ட கடையை உன் பேரில் பதிந்தோம். இலாபத்தை உன் வருமானமாகக் காட்டினாய். அதற்கான வரியை நான் வருடா வருடம் உன் கையில் தந்தேன். அன்றைக்கு அது கெட்டித்தனம். இன்றைக்கு வரிக் கந்தோரைக் கேட்டால், சிவானந்தம் என்ற ஒருவன் மூன்று வருடமாகச் சாப்பிடவே இல்லை.

பழைய வருடங்களை இப்போது திருத்தலாமா? தண்டம் எவ்வளவு வரும்? எவ்வளவானாலும் கட்டுகிறேன்.

கடைக்கு வருகிறவர்களும் உன்னிடம் கேட்கச் சொன்னார்கள். ஊருக்கு அனுப்பும் காசை வரியில் கழிக்கலாமா என்கிறான் சிவராசா. லவாலில் வீடு துப்புரவு செய்யும் சிவநேசம் அக்கா, கையில் தரும் காசையும் படிவத்தில் எழுத வேண்டுமா என்கிறா. எனக்கு விளங்காதது வேறொன்று. ஒரே மனிதன் ஒட்டாவா அரசாங்கத்துக்கு ஒரு படிவம், கியூபெக் மாகாணத்துக்கு ஒரு படிவம் என்று இரண்டு தரம் ஏன் சத்தியம் பண்ண வேண்டும்?

கெதியாகப் பதில் போடு.

உன்,
சிவானந்தம்

*

சிக்கூட்டிமி
22.2.1987

என் அருமை மச்சான் சிவானந்தத்துக்கு,

உன் கடிதம் கண்டு கமலா பாயசம் காய்ச்சினா. உன் பங்கையும் நானே குடித்தேன்.

சிவராசாவுக்குச் சொல்: வங்கிச் சீட்டு இருந்தால் எழுதிப் பார்க்கலாம். ஆள்வசம் கொடுத்தனுப்பியதற்குச் சீட்டுக்கு எங்கே போவான்? சிவநேசம் அக்கா எல்லாவற்றையும் எழுதத்தான் வேண்டும். இன்றைக்கு மறைத்தால் நாளைக்கு யாரையாவது கூப்பிடும்போது காட்டுவதற்கு வருமானம் இருக்காது, நட்டம் அவவுக்குத்தான். இரண்டு படிவம் ஏனென்று கேட்டாய். இரண்டு மாமியார் உள்ள வீட்டில் இரண்டு பேருக்கும் தேநீர் கொடுக்கத்தானே வேண்டும்.

உன் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் திருத்தப் போனால் இருவரையும் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். முதலில் 86ஆம் வருடத்தை உன் பேரில் ஒழுங்காகத் தொடங்குவோம். பழையதை ஆறுதலாகப் பார்க்கலாம். ஏப்ரல் முப்பது கடைசி நாள். உன் சமூகக் காப்புறுதி இலக்கத்தை அனுப்பு. படிவங்கள் இத்தோடு இருக்கின்றன. பென்சிலால் நான் அடையாளமிட்ட இடங்களில் கையெழுத்தை மட்டும் வை, மிச்சத்தை நான் நிரப்புகிறேன்.

குலேந்திரனைப் பற்றி யோசியாதே. அவன் எனக்கும் தம்பிதான்.

என்றும் உன்,
விமலநாதன்

*

வில்லரே
10.3.1987

அன்புள்ள மச்சான்,

இலக்கமும் படிவங்களும் இத்தோடு வருகின்றன. ரொட்டிக்காரன் நீட்டும் துண்டைக்கூட எழுத்துக்கூட்டி வாசித்துத்தான் கையெழுத்து வைப்பேன். வெற்றுப் படிவத்தில் வைத்தது இதுதான் முதல் தடவை. நீ என்றபடியால் வைத்தேன்.

இங்கே தேவாலய மண்டபத்தில் கத்தரின் என்றொரு பெண் அகதிகளுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தருகிறா. அவவிடம் உன் பேரைச் சொல்லாமல் விசாரித்தேன். கடை உண்மையில் யாருடையது என்று, பேரில் இருப்பவர் ஒரேயொரு வாக்கியம் எழுதிக் கையெழுத்து வைத்தால், மூன்று வருடத்துக்கும் புதிதாகத் தாக்கல் செய்யலாமாம். அந்த வாக்கியத்தை எழுதி அனுப்பு மச்சான். நமக்குள் பத்திரம் எதற்கு என்று நீ நினைக்கலாம். எனக்குத் தேவையில்லை, குடிவரவுக் கந்தோர்காரனுக்குத்தான் தேவை.

அன்புடன்,
சிவானந்தம்

*

வில்லரே
14.6.1987

விமலன்,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து ஒரு துண்டும் இல்லை. தொலைபேசியில் எடுத்தால் கமலா, "அவர் ஆய்வுகூடத்தில அண்ணை" என்கிறா. ஞாயிற்றுக்கிழமையுமா ஆய்வுகூடம்?

வெள்ளிக்கிழமை வரிக் கந்தோரிலிருந்து, நீ நிரப்பிய படிவத்தின் பிரதியோடு, என் பேருக்குக் கடிதம் வந்தது. வாழ்நாளில் முதல் தடவை. சந்தோஷமாகக் கத்தரினிடம் கொண்டு ஓடினேன். அவ விரலை வைத்துக் காட்டி, "நீங்கள் இந்தக் கடையில் பகுதிநேர வேலையாளா?" என்று கேட்டா. நான் சிரித்தேன். அவ சிரிக்கவில்லை. கிழமைக்கு ஐம்பத்தெட்டு டொலர். 86ஆம் வருட மொத்த வருமானம் மூவாயிரத்துப் பதினாறு. கீழே என் கையெழுத்து, நல்ல தெளிவாக.

காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்து இரவு பத்துக்குப் பூட்டுகிறவனுக்கு ஐம்பத்தெட்டு டொலர்!

ஏன் இப்படிச் செய்தாய் என்று இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். பதிலைச் சொன்னது சிவராசா. பால் வாங்க வந்தவன், "விமலண்ணையின்ர மாமா, மாமி, மச்சான்மார் ரெண்டு பேரும் போன மாதம் மிராபெல் எயார்போட்டில வந்து இறங்கிட்டினம், தெரியாதோ?" என்றான்.

"எந்த வருமானத்தக் காட்டிக் கூப்பிட்டவராம்?"

"கடை வருமானத்தைத்தான். நீங்கள் விட்டுக்குடுத்தனீங்களாம் எண்டு கமலாக்கா சொன்னவ. உங்களுக்குப் பெரிய மனசு அண்ணை."

பாலுக்குக் காசு வாங்க மறந்துபோனேன்.

சிவநேசம் அக்காவுக்கு நீ சொன்ன புத்தி நல்ல புத்தி. அதை எனக்கு ஏன் சொல்லவில்லை? நீ நேரே கேட்டிருந்தால் உன் மாமனாருக்கு ஒரு வழி, என் அம்மாவுக்கு ஒரு வழி என்று இரண்டையும் சேர்த்து யோசித்திருப்பேன். ஓகஸ்ட் இருபதுக்கு இன்னும் அறுபத்தேழு நாள் இருக்கிறது. அந்த வாக்கியத்தை எழுதி அனுப்பு. மற்றதெல்லாவற்றையும் நான் மறந்துவிடுகிறேன்.

சிவானந்தம்

*

சிக்கூட்டிமி
5.7.1987

அன்புள்ள மச்சான்,

நீ திட்டு. அதற்கு உனக்கு உரிமை உண்டு. 85இல் மனுக் கொடுத்தபோது என் சம்பளம் மட்டும் போதவில்லை. கடை வருமானம் என் பேரில் இருந்தது, காட்டினேன். உனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமல் விட்ட பிறகு இன்னும் வெட்கம்.

இப்போது கடை என்னுடையதல்ல என்று எழுதினால் நான் அரசாங்கத்துக்குப் பொய் சொன்னவன் ஆவேன். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். கமலா சாப்பிடாமல் இருந்து அழுகிறா. நீ கைத்தொழில் தெரிந்தவன், தனி ஆள். எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வாய். குலேந்திரனைக் கொழும்பில் ஒரு அறை எடுத்து இருத்தி வை. செலவில் பாதியை நான் தருகிறேன்.

கொஞ்சம் பொறு மச்சான். அடுத்த வருடப் படிவத்தில் உன் சம்பளத்தைக் கூட்டிப் போடுகிறேன்.

விமலநாதன்

*

வில்லரே
22.8.1987

விமலன்,

சம்பளத்தைக் கூட்டித் தருவதாக எழுதியிருந்தாய். முதலாளி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மூன்று வருட அத்தாட்சி இல்லாமல், வந்த அந்த ஒரு கடிதத்தோடு மனுவைக் கொண்டுபோனேன். மூவாயிரத்துப் பதினாறு டொலரில் மூன்று பேர் எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டார்கள். மனுவைத் திருப்பித் தந்துவிட்டார்கள். நேற்று முன்தினம் தம்பிக்கு இருபத்தொன்று.

முறைப்பாடு செய் என்கிறா கத்தரின். ரொட்டிக்காரன் முதல் வீட்டுக்காரன் வரை எனக்காகச் சாட்சி சொல்வார்கள். செய்தால் உன் ஆட்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன், சொன்னா. உன் மச்சான்மாரில் இளையவன் குலேந்திரனோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவனைத் திருப்பி அனுப்பி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த வேலையை நான் செய்யமாட்டேன்.

உன் கடையிலும் இனி வேலை செய்யமாட்டேன். சாவி இத்தோடு இருக்கிறது. ரொட்டி ஆறு மணிக்கு வரும். குளிர்பெட்டியின் கதவை முழங்காலால் தள்ளினால்தான் பூட்டும். பகுதிநேர வேலையாள் விலகுவதற்கு ஒரு கிழமை முன்னறிவித்தல் போதும் என்று நினைக்கிறேன்.

சிவானந்தம்

*

சிக்கூட்டிமி
11.10.1987

என் உயிர் மச்சான்,

மூத்த மச்சானைக் கடையில் விட்டுப் பார்த்தேன். ஐந்து கிழமையில் பாதிச் சாமான் பழுதாகிவிட்டது. சனம் வந்து, "சிவானந்தம் அண்ணை எங்க?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகிறதாம். வாடகைப் பாக்கிக்கு வீட்டுக்காரன் கடைக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டான். போன வருட இலாபத்தை வைத்து இரண்டு அரசாங்கமும் இந்த வருடத்துக்குத் தவணை வரி கேட்கின்றன. நான் சம்பளக்காரன், எங்கே போவேன்?

ஒரு சட்டத்தரணியைக் கேட்டேன். மாமா ஆட்களுக்கு இனி ஒன்றும் ஆகாது என்கிறார். அதனால் நீ கேட்டதை எழுதி, இரண்டு சாட்சிகளும் வைத்து இத்தோடு அனுப்புகிறேன்: "இந்தக் கடை 1984 மே மாதம் முதல் சிவானந்தத்துக்கே சொந்தமானது. நான் பேர் மட்டும் கொடுத்தவன்."

வா மச்சான். வந்து உன் கடையைத் திற.

உன்,
விமலநாதன்

*

மொன்றியல்
15.11.1987

திரு. விமலநாதன் அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் சாட்சிப் பத்திரமும் பழைய விலாசத்துக்குப் போய், சிவராசா மூலம் கிடைத்தன. கத்தரினிடம் காட்டினேன். இதை ஏற்றால் மூன்று வருட வருமானமும் என் பேருக்கு வரும். வீட்டுக்காரனின் நோட்டீசும் தவணை வரியும் பழுதான சாமானும் சேர்ந்தே வரும் என்றா. இலாபம் இருந்தபோது கடை தங்களுடையது. நட்டம் வந்தபோது என்னுடையது. இந்த வியாபாரம் எனக்குத் தெரியாததல்ல. தங்களிடம் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவை மட்டும் இதைக் காட்டிக் கூப்பிடலாமா என்று கேட்டேன். கூப்பிடலாமாம். தம்பிக்கு இல்லையாம். அம்மாவுக்கு எழுதினேன். பதில் வந்தது: "அவன உட்டுட்டு நான் எங்க மகன் வாற?"

இப்போது ஒரு தையல் தொழிற்சாலையில் துணி வெட்டுகிறேன். இரண்டு அரசாங்கத்துக்கும் என் பேரிலேயே வரி பிடிக்கிறார்கள்.

தங்கள் பத்திரத்தை இத்தோடு திருப்பி அனுப்புகிறேன். பிரதி எடுக்கவில்லை.

இப்படிக்கு,
க. சிவானந்தம்