நீலச் சட்டை

அன்புள்ள அமுதவல்லிக்கு,

நீயும் பாப்பாவும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி தேவலையா? வீடியோ காலில் முகத்தை மட்டும் காட்டுகிறேன் என்று கோபித்துக்கொண்டாயே, காரணத்தைச் சொல்கிறேன். பயப்படாதே.

துபாய்க்கு வந்ததிலிருந்து குளிர்பதனக் கிடங்குக்குள்ளேயே கிடந்தவனைப் போன வாரம் வெளியே லோடு இறக்க அனுப்பினார்கள். சாயங்காலத்துக்குள் இரண்டு கையும் சிவந்து, பொரிப் பொரியாகக் கிளம்பி, ஒரே அரிப்பு. டாக்டர் வெயில் அலர்ஜி என்றார்.

"மரக்காணம் உப்பளத்துல பொறந்து வளர்ந்தவன் சார், எனக்குப் போய் வெயில் ஒத்துக்காதாங்க?" என்றேன்.

பல மாதம் வெயில் படாததால் தோல் அதை மறந்துவிட்டதாம். களிம்பு கொடுத்து, கையை மூடிக்கொள்ளவும், கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழகவும் சொன்னார். இப்போது தணிந்துவிட்டது.

என்னோடு வேலை செய்யும் அனுமந்தை ராமதாஸ் லீவில் ஊருக்கு வருகிறார். உனக்குப் புதிதாக ஒரு முழுக்கைச் சட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். உப்பு வாரும்போது சேலைக்கு மேல் போட்டுக்கொள்வாயே, என் பழைய நீலச் சட்டை, அதை அவர் திரும்பி வரும்போது அவரிடம் கொடுத்துவிடு. அங்கே முழுக்கைச் சட்டை கிடைக்காதா என்று கேட்பாய். கிடைக்கும்.

வேன்காரன் ஹாரன் அடிக்கிறான். முடிக்கிறேன்.

உன்
மணிவண்ணன்

சட்டையைத் துவைத்துவிடாதே.