லீவுக்காக எழுதிய புரோகிராம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் கால்வீக்கம் வடிந்ததா? மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்ளாதே.

இங்கே ஒரு வேடிக்கை நடந்தது. வெப்சைட்டில் வரும் ஆர்டர்களைப் பார்த்து, கிடங்குச் சரக்கு விவரம் உள்ள என் மேஜைக் கம்ப்யூட்டரில் தட்டுவதுதானே என் வேலை? தங்கை கல்யாணத்துக்கு நான் வரும் பத்து நாளும் பக்கத்து மேஜைக்காரர் அதைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். பாவம், அவருக்கு எதற்குச் சிரமம் என்று, வெப்சைட்டும் கம்ப்யூட்டரும் தாங்களே பேசிக்கொள்ள ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். இப்போது ஆர்டர் வந்ததும் கம்ப்யூட்டரே சரக்கைப் பார்த்துப் பதில் அனுப்பிவிடுகிறது.

மேனேஜர் முதுகில் தட்டிக்கொடுத்தார். அப்புறம், "இது நின்னு போச்சுன்னா உன்னை விட்டா யாருக்குப்பா தெரியும்? லீவெல்லாம் இப்ப வேணாம்" என்றார்.

அது பாட்டுக்கு ஓடுகிறது. நான் எதிரே சும்மா உட்கார்ந்திருக்கிறேன். ஏசிக்காக ஜன்னலையும் ஆணியடித்து மூடிவிட்டார்கள்.

தங்கையிடம் நீயே பக்குவமாகச் சொல். கல்யாணத்தன்று வீடியோ காலில் என்னைக் கூப்பிட்டு, போனை முன்வரிசை நாற்காலியில் மேடையைப் பார்த்துச் சாய்த்து வை. மேனேஜர் வருகிறார், முடிக்கிறேன். அந்த நாற்காலியில் யாராவது உட்கார வந்தால், ஆள் இருக்கு என்று சொல்லிவிடு.

உன் பெரியவன்